அன்னா பார்பராவுக்கு இரண்டு அப்பாக்கள்

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள் என்று எனக்கும் தெரியும். எனக்கு வயது முப்பத்தாறு. ஆனால் பதின்மூன்று வருடம் நான் பார்த்த வேலை இனி இல்லை. அலுவலகத்தை மூடிவிட்டார்கள். நான் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்குப் போய்விட்டேன். அந்தக் கணக்கில் நானும் ஓய்வு பெற்றவன்தான்.

எழுத வைத்தது லூயிஷாமில் எங்கள் தேவாலயப் பங்கின் இளைஞர் கூட்டம். பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் படிக்கும் நிரோஷா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, இப்ப பழைய கையெழுத்தையெல்லாம் மெஷினே வாசிக்குது. ஒரு பேரைத் தட்டினா முழுப் பரம்பரையும் வந்து விழுது. நீங்கள் பதின்மூண்டு வருசம் இருந்து என்னதான் செய்தனீங்கள்?"

"பேர் இல்லாத ஆளை மெஷினிலை எப்பிடித் தட்டுவாய்?" என்று கேட்டேன்.

"பேர் இல்லாத ஆளோ?"

அங்கே தொடங்கினேன். மண்டபத்தைப் பூட்ட வந்தவர் விளக்கை இரண்டு முறை அணைத்து அணைத்துக் காட்டினார். கதை பாதியில் நின்றது. மீதியையும் சேர்த்து முழுவதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலை இதுதான். உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒருவர் எழுதுவார்: எங்கள் முன்னோர்களில் ஒருத்தி கப்பலில் அமெரிக்கா வந்தாளாம், அவள் யார், எந்த ஊர், யார் பெற்ற பிள்ளை? நாங்கள் தேடிச் சொல்ல வேண்டும். ஹோல்போர்னுக்குப் பின்னால் ஒரு சலவைக் கடைக்கு மேல் மூன்று அறைகள். கீழேயிருந்து எப்போதும் நீராவி வாசனை வரும். ஐந்து பேர் வேலை செய்தோம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அப்பா மன்னாரில் கடல்தொழில் செய்தவர், லண்டனில் பாண், அதாவது ரொட்டி, சுடும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அம்மாவும் அவரும் பள்ளிக்கூடப் படி ஏறாதவர்கள். எங்கள் வம்சத்திலேயே முதலில் பரீட்சை எழுதியவன் நான். வரலாற்றில் பட்டம் வாங்கிவிட்டு, செத்துப்போன வெள்ளைக்காரர்களின் அப்பா அம்மாவைத் தேடப் போகிறேன் என்றதும் அப்பா, "அவையள் காணாமப் போட்டினமோ?" என்று கேட்டார்.

முதல் மூன்று வருடங்களை மூன்று வரியில் சொல்லிவிடலாம். பழைய ஜெர்மன் கையெழுத்தை எழுத்து எழுத்தாகப் படித்தேன். தேவாலயப் பதிவேடுகளில் வரும் லத்தீன் சொற்களைப் படித்தேன். கியூவில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பேனாவோடு உள்ளே போக முயன்று இரண்டு முறை வெளியே அனுப்பப்பட்டேன். அங்கே பென்சிலுக்கு மட்டும்தான் அனுமதி.

எங்கள் தலைவி மிஸிஸ் ஹார்லண்ட். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி, ஆறு மொழிகளில் பழைய கையெழுத்து வாசிப்பார். ஏதாவது கண்டுபிடித்தேன் என்று ஓடிப்போனால் மூன்று கேள்வி கேட்பார். எந்தப் புத்தகம்? எந்தப் பக்கம்? வேறு எங்கே பார்த்தாய்? மூன்றாவது கேள்விக்குத்தான் எல்லோரும் நடுங்குவோம். எங்களிடம் இரண்டு நிற அட்டைகள் உண்டு. கண்டதை வெள்ளை அட்டையில் எழுத வேண்டும். தேடியும் காணாததை மஞ்சள் அட்டையில் எழுத வேண்டும். எந்த ஊர்ப் பதிவேட்டில், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பார்த்தேன், கிடைக்கவில்லை என்று. அவர் கோப்பைத் திறந்தால் முதலில் எடுப்பது மஞ்சள் அட்டைகளைத்தான்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உங்கள் அட்டையில் பிழை கண்டால் அதைக் கொண்டுவந்து உங்கள் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான். கவிழ்ந்த அட்டை என்றால் பிழை. அதை நிமிர்த்தி எந்த வரியில் பிழை என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருடம் என் மேசையில் ஒரே நாளில் ஏழு கவிழ்ந்து கிடந்தன. எங்களோடு வேலை செய்த தேவகி அக்கா, யாழ்ப்பாணத்துக்காரி, எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடா ஜெறோம், சீட்டு விளையாடுறியோ?" என்றார்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

ஆயிரத்து எழுநூற்று ஒன்பதில், ரைன் நதிப் பக்கத்து ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் லண்டனுக்கு வந்து குவிந்தன. போரும் கடுங்குளிரும் விரட்டி வந்தவர்கள். பிளாக்ஹீத் திடலில் இராணுவக் கூடாரம் அடித்து அவர்களைத் தங்க வைத்தார்கள். லூயிஷாமிலிருந்து மேடேறினால் வரும் அதே திடல்தான், நான் பள்ளி நாட்களில் பந்தடித்த இடம். ஜெர்மன் போதகர்கள் வந்து பட்டியல் எடுத்தார்கள்: குடும்பத் தலைவன் பெயர், வயது, தொழில், மனைவி உண்டா, ஆண் பிள்ளைகளின் வயது, பெண் பிள்ளைகளின் வயது, எந்தச் சபை. பிறகு ஒரு பகுதியினரைக் கப்பலேற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். கத்தோலிக்கர் பலரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"நீ அப்ப வந்திருந்தா உன்னைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பாங்கள்," என்றார் தேவகி அக்கா.

"உங்களை?"

"நான் சைவம். எனக்குப் பட்டியலிலை கட்டமே இல்லை. பேசாம நிண்டிருப்பன்."

அப்படிப் போனவர்களில் ஒரு சிறுமி, அன்னா பார்பரா. நியூயார்க் மாகாணத்தில் வளர்ந்து ஹான்ஸ் பீட்டர் என்பவனை மணந்து ஆறு பிள்ளைகள் பெற்றாள். அவளுடைய வழித்தோன்றல்கள் இன்று பென்சில்வேனியா முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மிஸிஸ் லொரேன், எண்பத்தொரு வயது, ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் சேர்வதற்கு வெகு காலத்துக்கு முன், பார்பராவின் பெற்றோரைக் கண்டுபிடித்துத் தரும்படி எங்கள் அலுவலகத்தைக் கேட்டிருந்தார். மிஸிஸ் ஹார்லண்டே நேரில் தேடினார். பார்பராவின் திருமணப் பதிவில் எந்த வட்டாரத்திலிருந்து வந்தவள் என்று மட்டும் இருந்தது, அப்பா பெயர் இல்லை. அந்த வட்டாரத்து ஞானஸ்நானப் பதிவேடுகளில், பொருத்தமான வயதில், அங்கேயே மணமாகாத, அங்கேயே இறக்காத அன்னா பார்பராக்களை ஒவ்வொருத்தியாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருத்தி மிஞ்சினாள்: பள்ளி ஆசிரியர் யோஹான் காஸ்பரின் மகள்.

மிஸிஸ் லொரேனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்! அவர் ஆசிரியை, அவருடைய அம்மா ஆசிரியை, தாத்தா ஆசிரியர். படிப்பு எங்கள் இரத்தத்தில் ஓடுகிறது என்று குடும்பப் புத்தகமே போட்டார். அந்த ஜெர்மன் கிராமத்துத் தேவாலயச் சுவரோரம் ஒரு கல் நாட்ட அனுமதி வாங்கினார். கல்லும் செதுக்கியாகிவிட்டது: அன்னா பார்பரா, பள்ளி ஆசிரியர் யோஹான் காஸ்பரின் மகள், ஞானஸ்நானம் பெற்ற நாள். அதற்குக் கீழே அமெரிக்காவைப் பற்றி என்ன எழுதுவது என்று சொந்தக்காரர்கள் சண்டை பிடித்ததால் பாதிக் கல் வெறுமையாக நின்றது. நாற்பது பேர் கிளம்பிப் போய்த் திறந்து வைக்கப் போகிறார்கள். அதற்கு ஐந்து வாரம் இருக்கும்போது எங்களுக்கு எழுதினார்: விழா மலருக்கு ஆசிரியரைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரம் கிடைக்குமா? எந்த வயதில் இறந்தார், அது போதும்.

சின்ன வேலை. என்னிடம் தந்தார்கள்.

மிஸிஸ் ஹார்லண்ட் தேடிய காலத்தில் அந்தக் கிராமத்தின் அடக்கப் பதிவேடு காணாமல் போயிருந்தது, போரில் எரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். பிறகு பக்கத்துப் பங்கின் தேவாலயப் பரணில் கிடைத்து, அண்மையில்தான் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். நான் ஆசிரியரின் மரணத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆசிரியர் வருவதற்கு முன் இன்னொருத்தி வந்தாள்.

'அடக்கம் செய்யப்பட்டது, பள்ளி ஆசிரியர் யோஹான் காஸ்பரின் சிறுமகள் அன்னா பார்பரா, வயது ஒன்றே முக்கால்.'

மூன்று முறை வாசித்தேன். லண்டனுக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே செத்துப்போன குழந்தை அமெரிக்காவில் ஆறு பிள்ளை பெற ஏலாது. கல்லில் இருக்கும் பார்பரா வேறு, கப்பலேறிய பார்பரா வேறு!

ஆனால் உடனே ஓடவில்லை. மூன்றாவது கேள்வி ஞாபகம் வந்தது. அந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஆசிரியர் இன்னொரு மகளுக்கு அன்னா பார்பரா என்று பெயரிட்டிருந்தால் கல்லில் உள்ளது சரியாகிவிடும். அந்தக் குழந்தை இறந்ததிலிருந்து ஆட்கள் லண்டனுக்குப் புறப்பட்ட வருடம் வரையுள்ள ஞானஸ்நானங்களை வரி வரியாகப் பார்த்தேன். ஆசிரியருக்கு இரண்டு மகன்கள் பிறந்தார்கள், பிறகு மனைவி இறந்தாள். மறுமணம் இல்லை. வேறு மகள் இல்லை. மஞ்சள் அட்டையில் எழுதினேன்.

இனி என்ன செய்வது? பிழை மிஸிஸ் ஹார்லண்டின் பிழை. அந்த அறிக்கையைத்தான் புதிதாகச் சேரும் எல்லோருக்கும் மாதிரியாக வாசிக்கத் தருவார்கள்.

தேவகி அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றி வாசித்துவிட்டு, "ஐயோ கடவுளே," என்றார். பிறகு, "வாயாலை சொல்லாதை. அவவின்ர முறையிலையே செய்."

வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மிஸிஸ் ஹார்லண்ட் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் முன்னால், அவர் மேசையில், அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். பதின்மூன்று வருடத்தில் அந்த மேசையில் கவிழ்ந்த ஒரே அட்டை அது. அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைபேசியை வைத்தார். நிமிர்த்தினார். வாசித்தார்.

"எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன்.

"அதே பெயரை மறுபடி வைத்தார்களா?" மஞ்சள் அட்டையை நீட்டினேன்.

இரண்டு அட்டைகளையும் ஒன்றாக அடுக்கி வைத்தார். "அவள் இல்லை என்று மட்டும் சொல்லி அந்த அம்மாளை அனுப்ப முடியாது. அப்படியானால் யார் என்றும் சொல்ல வேண்டும். ஐந்து வாரம் இருக்கிறது. மற்ற வேலைகளை தேவகியிடம் கொடுத்துவிடு."

இரண்டு வாரம் பைத்தியம் மாதிரித் தேடினேன். வட்டாரத்து எல்லா அன்னா பார்பராக்களையும் திரும்ப எடுத்தேன். அவர் கழித்தது எல்லாம் சரியாகத்தான் கழித்திருந்தார். பெயர் அட்டவணைகளைப் பார்த்தேன், நிரோஷா சொன்ன மாதிரி மெஷின் வாசித்த அட்டவணைகளையும் தட்டினேன். ஒன்றுமில்லை. மஞ்சள் அட்டைகள் ஒரு செங்கல் உயரம் சேர்ந்தன.

அந்த ஞாயிறு வீட்டில் வேறு ஒரு போர். என் தங்கை ஜெனிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் வருகிறது. பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாய் யார்? மச்சான் அன்ரன் தன் அக்காவைக் கேட்டுவிட்டார். அம்மா பொரியல் சட்டியோடு குசினி வாசலில் நின்றார்.

"முதல் பிள்ளைக்கு உங்கட பக்கம் நிண்டவை. நாங்கள் ஏதும் சொன்னனாங்களோ? ரெண்டாவதுக்கு எங்கட பக்கம். எங்கட வழமை அதுதான்."

"மாமி, லண்டனிலை ஆர் அதைப் பாக்கினம்?"

"ஆர் பாக்கிறதோ? பிள்ளையை ஆர் ஏந்தினது எண்டு பாத்தா, தாய்க்கு ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டு சனம் சொல்லிப்போடும். என்ர பிள்ளை என்ன அனாதையோ?"

அப்பா சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "கத்தரிக்காய் கருகுது," என்றார்.

தாய்க்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று பிள்ளையை ஏந்தியவர்களைப் பார்த்தால் தெரியும்! நான் இரண்டு வாரமாகப் பார்பராவின் ஞானஸ்நானத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பார்பரா பெற்ற ஆறு பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் நடந்திருக்கிறதே, அந்தப் பிள்ளைகளை ஏந்தியது யார்?

மறுநாள் அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். பழைய கோப்பில் பிள்ளைகளின் ஆறு அட்டைகளும் இருந்தன. முன்பக்கம் பிள்ளை, தகப்பன், தாய், நாள். எங்கள் அலுவலகத்தில் ஞானப்பெற்றோரை அட்டையின் பின்பக்கம் எழுதுவார்கள். ஆனால் கவிழ்ந்த அட்டை என்றாலே பிழை என்று பழகிப்போன இடத்தில் சும்மா இருக்கும் அட்டையை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? நானும் பார்த்ததில்லை. ஆறையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். அத்தனையிலும் மிஸிஸ் ஹார்லண்டின் இளவயதுக் கையெழுத்து, ஒரு பெயர் விடாமல் எழுதியிருந்தார்.

முதல் பிள்ளை, ஏந்தியவன்: ஹான்ஸ் பீட்டரின் அண்ணன். சரி, தகப்பன் பக்கம். இரண்டாவது பிள்ளை, பெண், பெயர் கெர்த்ரூட். ஏந்தியவள்: பீப்பாய் செய்யும் மத்தியாஸின் மனைவி கெர்த்ரூட். நான்காவது பிள்ளை, பெயர் மத்தியாஸ். ஏந்தியவன்: பீப்பாய் செய்யும் மத்தியாஸ். அந்த ஜெர்மன் ஊர்களில் பிள்ளைக்கு ஞானப்பெற்றோரின் பெயரையே வைப்பார்கள். இவர்களைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்து மிஸிஸ் ஹார்லண்ட் விட்டிருக்கிறார். எனக்கோ என் அம்மா சட்டியோடு நிற்பது தெரிந்தது. இது தாயின் பக்கம்!

கியூவுக்கு ஓடினேன். பிளாக்ஹீத் ஆட்களின் பட்டியலை எடுத்து மத்தியாஸைத் தேடினேன். இருந்தான். 'மத்தியாஸ், வயது இருபத்தாறு, பீப்பாய் செய்பவன், மனைவி உண்டு, மகன் வயது இரண்டு, மகள் வயது பதினொன்று.'

இருபத்தாறு வயதுக்காரனுக்குப் பதினொரு வயது மகள்! பதினைந்து வயதில் பெற்றானா? அது அவன் மகள் இல்லை. போதகர் கூடாரத்துக்குள் நின்ற தலைகளை எண்ணி, பெண் பிள்ளை என்றால் மகள் என்று எழுதிவிட்டார். அமைதியாக இருக்க வேண்டிய வாசிப்பு அறையில் நான் ஏதோ சத்தம் போட்டிருக்க வேண்டும். மேசைக் காவலர் வந்து, "எல்லாம் சரிதானே, சார்?" என்றார்.

இப்போது கெர்த்ரூட்டின் ஊர் வேண்டும். வட்டாரத்தில் பதினான்கு கிராமங்களின் திருமணப் பதிவேடுகள். பதினொன்றாவது கிராமத்தில் கிடைத்தது: 'மத்தியாஸ், பீப்பாய் செய்பவன், கெர்த்ரூட்டை மணந்தான், இவள் இந்த ஊரின் பன்றி மேய்ப்பவர் நிக்கோலாஸின் மகள்.' குடும்பப் பெயர் இல்லை. நிக்கோலாஸ், பன்றி மேய்ப்பவர், அவ்வளவுதான்.

ஊரார் எல்லோருடைய பன்றிகளையும் மொத்தமாக மேய்க்க ஒருவரை வைத்துக்கொள்வார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம், பிறகு அவர் அடுத்த ஊருக்கு வேலைக்குப் போவார். ஊர் ஊராகப் போகிறவருக்குப் போதகர்கள் குடும்பப் பெயர் எழுதிவைக்க மெனக்கெடவில்லை. அதனால்தான் எந்தப் பெயர் அட்டவணையிலும் அவர் இல்லை. மெஷின் எழுத்தை வாசித்திருக்கும், ஆனால் எங்கே கொண்டுபோய் அடுக்கும்? மூன்று நாள் மேய்ப்பர்களை மட்டும் தேடினேன். வட்டார எல்லைக்கு ஒரு காத தூரம் வெளியே ஒரு மலையடிக் கிராமத்தில் அவளைக் கண்டேன். 'ஞானஸ்நானம், நிக்கோலாஸ், பன்றி மேய்ப்பவர், அவர் மகள் அன்னா பார்பரா.' வயது அப்படியே பொருந்தியது. பதினொரு வருடம் கழித்து, அந்தக் கடுங்குளிர் மாதங்களில், கெர்த்ரூட்டின் ஊரில் நிக்கோலாஸின் அடக்கம். மனைவி முன்பே போய்விட்டாள். அந்த வசந்தத்தில்தான் அக்காவும் அத்தானும் தங்கையைக் கூட்டிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டிருக்கிறார்கள்.

"கண்டிட்டியோ உன்ர பண்டி மேய்க்கிறவரை?" என்றார் தேவகி அக்கா, நான் படியேறும் சத்தத்திலேயே.

மிஸிஸ் ஹார்லண்ட் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் பார்த்தார். "கதை அழகாக இருக்கிறது. ஆனால் பார்பராவும் கெர்த்ரூட்டும் சகோதரிகள் என்று நீ சொல்கிறாய், நானும் இப்போது நம்புகிறேன். அந்தக் காலத்துக் காகிதம் ஒன்றாவது அதைச் சொல்ல வேண்டும். ஒரு முறை நம்பிக் கெட்டேன்."

மத்தியாஸ் உயில் எழுதியிருக்கலாம் என்றார் தேவகி அக்கா. பீப்பாய் செய்பவன் வசதியாக இருந்திருப்பான். நியூயார்க்கில் ஒரு மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். மிஸிஸ் லொரேன் லண்டனில் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டு ஜெர்மனி போவதாக ஏற்பாடு. அவர் வரும் நாளும் வந்துவிட்டது. காலை பத்து மணிக்கு அவர் படியேறி வர வேண்டும், ஒன்பது இருபதுக்கு மின்னஞ்சல் வந்தது. மங்கலான ஒரு படம். மூன்று பேரும் ஒரே திரையில் தலையை முட்டிக்கொண்டு வாசித்தோம். மத்தியாஸின் உயில். மகனுக்கு நிலம், கருவிகள். பிறகு ஒரு வரி: 'என் மனைவியின் தங்கையும் ஹான்ஸ் பீட்டரின் மனைவியுமான பார்பராவுக்கு, வெள்ளைப் புள்ளி உள்ள பசு.'

தேவகி அக்கா கை தட்டினார். "பசு குடுத்திருக்கிறான் மனிசன்!"

மிஸிஸ் ஹார்லண்ட் என் தோளில் தட்டினார். ஒரே தட்டுத்தான்.

மிஸிஸ் லொரேன் வந்தார். சிறிய உருவம், ஒரு கைத்தடி, பையில் அந்தக் குடும்பப் புத்தகம். மிஸிஸ் ஹார்லண்ட் சுற்றி வளைக்கவில்லை. "நான் உங்களுக்குக் கொடுத்த அறிக்கை தவறு. கண்டுபிடித்தவர் இவர். இவர் சொல்வார்."

எழுதிவைத்ததெல்லாம் மறந்துபோய் நேரே சொன்னேன். ஆசிரியரின் பார்பரா குழந்தையிலேயே இறந்தாள். உங்கள் பார்பராவின் அப்பா பன்றி மேய்த்தவர். அட்டைகளை ஒவ்வொன்றாக அவர் முன் வைத்தேன், பசு வரை.

அவர் கை புத்தகத்தின் மேல் இருந்தது. நாற்பது பேருக்கு விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது.

"அவருக்கு எழுதத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. கெர்த்ரூட்டின் திருமணத்தில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டிருக்கிறார்."

"பார்பராவுக்கு?"

"பார்பராவும் குறிதான். நிலப் பத்திரம் ஒன்றில் இருக்கிறது."

"அப்படியானால் எங்களில் முதலில் எழுதியது யார்?"

அந்தக் கேள்வியை யாரும் எங்களிடம் கேட்டதில்லை. ஆனால் பதில் கோப்பில் இருந்தது, எனக்கு உடனே தெரிந்தது. அதே பத்திரத்தின் நகலை எடுத்துக் காட்டினேன். தாயின் குறிக்குக் கீழே, சாட்சியாக, பெரிய பெரிய எழுத்தில், ஒன்று மேலும் ஒன்று கீழுமாக: கெர்த்ரூட். பார்பராவின் இரண்டாவது பிள்ளை.

மிஸிஸ் லொரேன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை முகத்துக்கு அருகே கொண்டுபோனார். எத்தனையோ வருடம் முதலாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். "இது பிள்ளையாக இருக்கும்போது கற்ற கை இல்லை," என்றார். "பாருங்கள், எப்படி அழுத்தியிருக்கிறாள். வளர்ந்த பிறகு கற்றிருக்கிறாள்." அவர் குரல் மாறிவிட்டது. "இதன் நகல் எனக்கு நாற்பது வேண்டும்."

நான் நகல் எடுக்க எழுந்தேன். மிஸிஸ் ஹார்லண்ட் மெதுவாகக் கேட்டார், "அந்தக் கல்லை எடுத்துவிடச் சொல்லட்டுமா? செலவு எங்களுடையது."

"ஏன்?" என்றார் மிஸிஸ் லொரேன். "அதில் என்ன பொய் இருக்கிறது? அன்னா பார்பரா, பள்ளி ஆசிரியரின் மகள், ஞானஸ்நானம் பெற்ற நாள். எல்லாம் உண்மைதானே." என் பக்கம் திரும்பினார். "அந்தக் குழந்தையை அடக்கம் செய்த நாள் உங்களிடம் இருக்கிறதா?"

வெள்ளை அட்டையைக் கொடுத்தேன். அவர் அதைத் தன் கையால் குறித்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது, இரண்டு படங்களோடு. முதல் படத்தில் நாற்பது அமெரிக்கர்கள் மழைக்கோட்டோடு மலையடியில் ஒரு சேற்று வேலிக்கு வெளியே நின்று சிரிக்கிறார்கள், வேலிக்குள் பன்றிகள். நிக்கோலாஸின் ஊரில் இன்னும் வளர்க்கிறார்களாம். தேவகி அக்கா அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினார்.

இரண்டாவது படம் தேவாலயச் சுவரோரக் கல். பழைய வரிகள் அப்படியே இருக்கின்றன. சொந்தக்காரர்கள் சண்டை பிடித்து வெறுமையாய் விட்ட இடத்தில், கல் தச்சர் புதிதாக ஒரே ஒரு வரி செதுக்கியிருந்தார், அடக்கம் செய்த நாள், வயது ஒன்றே முக்கால். அடியில் யாரோ ஒரு சின்னப் பிள்ளையின் கையளவு பூங்கொத்து வைத்திருந்தார்கள்.